நான் கொன்ற ராணி

என் மனைவி உம்ராவுக்காக மக்கா புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் மூன்று காரியம் சொல்லிவிட்டுப் போனாள். பிரஷர் மாத்திரையைக் காலையில் போட வேண்டும். ஐஸ்பெட்டியில் இருக்கிற கோழிக் குழம்பை முதலில் தீர்க்க வேண்டும், மீன் குழம்பை அப்புறம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தேன் பெட்டியின் நான்கு கால்களுக்கும் அடியில் கிண்ணம் வைத்திருக்கிறாள், எறும்பு ஏறாமல் இருக்க அவற்றில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"பெட்டிய மட்டும் திறந்துடாதீங்க," என்றாள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

அவள் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ராணியையும் கொன்று முடித்திருந்தேன்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது புரியும்.

மனைவி முப்பத்தோரு வருடம் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவள் ஓய்வு பெற்ற அதே வருடம் எங்கள் ஒரே மகனும் ஜித்தாவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். ஜெலுத்தோங்கில் எங்கள் மூலை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அவள் அழவில்லை, படுத்துவிடவுமில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், சிரிப்பை அடியோடு நிறுத்திவிட்டாள். அவளுடையது லேசுப்பட்ட சிரிப்பு இல்லை. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், கடைசியில் விக்கல் எடுத்துத்தான் நிற்கும். பள்ளியில் அவள் சிரித்தால் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்களாம். இரண்டு வருடம் அந்த விக்கலைக் கேட்காமல் இருந்தேன். பெரிய டிவி வாங்கினேன். கேமரன் மலைக்குக் கூட்டிப் போனேன். "நல்லாருக்குங்க," என்றாள். நல்லாயிருக்கிறது என்று சொல்கிற முகமா அது.

அப்புறம் ஒருநாள் தேனீக் கூட்டம் ஒன்று தானாக வந்து, பின்பக்கம் போட்டிருந்த பழைய வாஷிங் மெஷினுக்குள் குடியேறியது. நான் போம்பாவைக் கூப்பிடப் போனேன். எங்கள் ஊரில் தேன்கூட்டை எடுக்கவும் தீயணைப்பு வண்டிதான் வரும். மனைவி என் கையிலிருந்த ஹேண்ட்போனைப் பிடுங்கிக்கொண்டாள். பாலிக் பூலாவில் தேனீ வளர்க்கிற ஒரு மலாய்க்காரரை விசாரித்துப் பிடித்து வரவழைத்தாள். மாமா என்கிற அர்த்தத்தில் அவரைப் பாக்சிக் என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறோம். அவர் அந்தக் கூட்டத்தை வெறுங்கையால் அள்ளி ஒரு மரப்பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் காடிக்குள், அதாவது காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்தபடியே இரண்டு பேருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்த்தால் மனைவியின் தோள் குலுங்குகிறது. கொஞ்ச நேரத்தில் விக்கலும் எடுத்தது.

அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் பெண்டாட்டியை எனக்குத் திருப்பிக் கொடுத்தது இந்தப் பூச்சிகள்தான். இவை இந்த வீட்டை விட்டு எங்கேயும் போய்விடக் கூடாது.

அதற்கப்புறம் வீடே மாறிப்போனது. காலையில் எழுந்ததும் முதல் சலாம் பெட்டிக்கு, இரண்டாவது சலாம்தான் எனக்கு. "இன்னிக்கு அவங்க லேட்டாத்தான் கிளம்பினாங்க," என்பாள், ஏதோ சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல. எனக்கு அதில் பொறாமை இல்லை. கொஞ்சம் இருந்தது.

இப்போது என் தொழிலைச் சொல்ல வேண்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எனக்கு ஒரு கடை. தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி, சொங்கோக் தொப்பி எல்லாம் உண்டு, ஆனால் ஓடுவது அத்தர்தான். வருகிற ஆளுக்கெல்லாம் தடவிக் காட்டும் முன் என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது வழக்கம். முப்பது வருடம் இப்படி இழுத்து இழுத்து என் மூக்கு செத்துவிட்டது. சாம்பிராணியும் ஒன்றுதான், நாறுகிற பிளாச்சான் இறால் விழுதும் ஒன்றுதான். தேனீக்கோ அத்தர் ஆகாது. அந்த வாசனை பட்டாலே எதிரி வந்துவிட்டான் என்று பாயும். அதனால் நான் கடையிலிருந்து வந்ததும் மனைவி என்னை நேரே குளியலறைக்கு விரட்டுவாள். தலையோடு சோப்புப் போட்டுக் குளித்து, சட்டையும் மாற்றிய பிறகுதான் பின்கதவைத் தாண்ட அனுமதி.

அந்த வெள்ளிக்கிழமை விரட்ட ஆளில்லை. தைப்பூசம் முடிந்து நல்ல வெயில் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மாமரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. தேனீக்கள் காலில் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் பெட்டி வாசலில் தொப்பென்று விழுந்து, எழுந்து, உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. வருடத்தின் முதல் தேன் ஏறும் நேரம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பெட்டிக்குள்ளிருந்து கல்யாண வீட்டுச் சத்தம் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தேனடை கட்டிய மரச்சட்டம் ஒன்றே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

ஜும்ஆ தொழுகைக்காக அன்று காலை புதிதாக வந்த ஊது என்கிற அகில் அத்தரைத் தாடியிலும் காதுமடலிலும் காலரிலும் தாராளமாகத் தடவியிருந்தேன். வெள்ளிக்கிழமை மணம் பூசுவது நபி காட்டிய சுன்னத்து, எனக்கு அது விளம்பரமும்கூட. குளித்தேனா என்றால், ஒலு எடுத்தேன். முகம், கை, கால் கழுவியாகிவிட்டதே, அது போதாதா என்று என் மண்டை சொன்னது. வாசனை இருக்கிறதா என்று காலரை மோந்தும் பார்த்தேன். இல்லை. அந்த மூக்கிடம் போய்க் கேட்டால் அது வேறென்ன சொல்லும்.

மூடியைத் திறந்து சட்டத்தைத் தூக்கினேன். ஒரு நொடி எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கை நிறைய பாரம், ஓரத்தில் மினுங்குகிற தேன், நடுவில் மொய்க்கிற கூட்டம். அடுத்த நொடி அவர்களுக்கு ஊது எட்டிவிட்டது. முதல் கொட்டு தாடிக்குள். இரண்டாவது காதில். மூன்றாவது உதட்டில் விழுந்தபோது சட்டத்தைக் கீழே போட்டேன். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி, சட்டையோடு ஷவருக்கு அடியில் நின்றேன். எண்ணிப் பார்த்ததில் மொத்தம் ஒன்பது கொட்டு. உதடு மட்டும் தனி ஆளாக எனக்கு முன்னால் நடந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, மனைவியின் வலைத்தொப்பி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், மழைக்கோட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சட்டத்திலிருந்து பிய்ந்த அடை சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தது. ரப்பர் பேண்டு போட்டுச் சட்டத்தோடு கட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அது கிடந்த இடத்தில் பத்துப் பதினைந்து தேனீக்கள் வட்டம் கட்டி அசையாமல் நின்றன. நடுவில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. மற்றதைவிட நீளம், கறுத்த வயிறு. மனைவி போட்டோ எடுத்து எனக்கு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னாலில்லாஹியை வாய் தானாகச் சொன்னது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாக்சிக்கைக் கூப்பிட்டேன். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"பாக்சிக், ராணியைக் கொன்றுவிட்டேன்."

"வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மக்காவில் இருக்கிறாள்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். ராணி இல்லை என்று தெரிந்ததும் தேனீக்கள் சின்னப் புழுக்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ராணியாக வளர்க்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் புது ராணி வெளியே வருவாள். இன்னும் ஒரு வாரம் போனால், ஒரு மத்தியானம் ஆண் தேனீக்களைத் தேடி வெளியே பறப்பாள். பத்திரமாகத் திரும்பி வந்தால் இரண்டு மூன்று நாளில் முட்டை வைப்பாள், பெட்டி பிழைக்கும். வழியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவ்வளவுதான். இன்னொரு ராணியை வளர்க்க அதற்குள் பெட்டியில் சின்னப் புழு எதுவும் மிச்சம் இருக்காது. இருக்கிற கூட்டம் கிழண்டு, தேய்ந்து, முடிந்துபோகும்.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்றும் செய்யாதே. முக்கியமாகத் திறக்காதே. முட்டைக்கு நேரம் வரும்வரை பொறு."

மனைவி இருபத்தைந்தாம் நாள் திரும்புகிறாள். பன்னிரண்டு நாள் உம்ரா, மிச்சம் ஜித்தாவில் மகன் வீடு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக நடந்தால் அவள் வந்து இறங்கும்போது முட்டை இருக்கும். நடக்காவிட்டால் என்று யோசிக்கும்போது எனக்குத் தேன் ஞாபகம் வரவில்லை, பெட்டி ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டு வருடத்து முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

அன்று ராத்திரி வீடியோவில் வந்தாள். "வாய் ஏன் அப்படி வீங்கியிருக்கு?"

"பல்லு வலி."

"எத்தனை நாளா சொல்றேன் டாக்டர்கிட்ட போங்கன்னு. சரி, அவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, ஜோரா இருக்காங்க."

"தவாஃப் சுத்தும்போது அவங்களுக்கும் துஆ கேட்டேன்," என்றாள். "உங்களுக்கும் கேட்டேன்," என்று அப்புறம் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நான் அத்தரைத் தொடவில்லை. அத்தர்க் கடைக்காரன் அத்தரைத் தொடாமல் வியாபாரம் செய்வதை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பாட்டில் மூடியைத் திறந்து கையை முழ நீளத்துக்கு நீட்டிப் பிடிப்பேன், வருகிற ஆள் கழுத்தை நீட்டி மோந்துகொள்ள வேண்டும். "என்னண்ணே, புதுசா ஒரு மாதிரி விக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "சுத்தம்," என்றேன். ஆள் மிரண்டு இரண்டு பாட்டில் வாங்கிப் போனார். நோன்பு வரப்போகிற நேரம், கடையில் கூட்டம் நெரிகிறது. அந்தப் பரபரப்பில் கையில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கழுவினேன். சட்டையைக் கடையிலேயே கழற்றிப் பையில் கட்டிவிட்டு வேறு சட்டையில் வீட்டுக்கு வந்தேன்.

நோன்பு பிறந்தது. எனக்கு இன்னொரு தலைவலியும் பிறந்தது. நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னால் அது வெறும் பட்டினி என்று எங்களுக்குத் தெரியும். மனைவியோ தினமும் கூப்பிடுகிறாள், அதுவும் பகலில். பொய் சொல்லவும் கூடாது, உண்மையைச் சொல்லவும் துணிச்சல் இல்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் பேசப் பழகினேன், வக்கீல்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டான்.

"எல்லாரும் வேலைக்குப் போறாங்களா?"

"காலையிலயே கிளம்பிட்டாங்க."

"ராணி நல்லாருக்காளா?"

"நீ திறக்காதேன்னு சொல்லியிருக்கே. நான் எப்படிப் பார்ப்பேன்?"

"அதுவும் சரிதான்," என்றாள். போனை வைத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மூன்றாம் நோன்பு அன்று சாயங்காலம் பாக்சிக் சொன்னபடி பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் வழக்கமான இரைச்சல்தான். பிறகு அதற்குள்ளிருந்து மெல்லிய குரலில் பீ, பீ, பீ என்று ஒரு சத்தம். சின்ன ஊதல் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்து யாரோ ஊதுவதுபோல. உடனே போன் போட்டு, போனையே பெட்டியில் ஒட்டிப் பிடித்தேன்.

"அவள்தான்," என்றார் பாக்சிக். "வெளியே வந்துவிட்டாள். மற்ற ராணிகளைச் சண்டைக்குக் கூப்பிடுகிறாள்."

அறுபது வயதை நெருங்குகிற மனுஷன், வயிற்றில் ஒரு பருக்கை இல்லை, தொண்டை காய்ந்து கிடக்கிறது. நான் அந்தப் பின்முற்றத்தில் ஒரு சுற்று ஆடினேன். துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்துக்கொண்டுதான் ஆடினேன் என்றாலும் ஆட்டம் ஆட்டம்தான். பள்ளிவாசலில் வாங்கி வந்திருந்த நோன்புக்கஞ்சியில் ஒரு டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வழக்கம்போல் சுவருக்கு மேலே நீட்டினேன். அவர் கோயில், பேரப்பிள்ளை, மாமரம் என்று இருக்கிறவர். "என்ன தம்பி, முகமெல்லாம் வெளிச்சமா இருக்கு?" என்று கேட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. முழுக்கதையும் சொல்லிவிட்டேன். அக்கா கஞ்சியை வாங்கிக்கொண்டு, "ஐயோ பாவம்லா அந்த ராணி," என்றார். என்னைப் பாவம் என்று அவர் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் குருவிகள் வந்தன. பச்சை உடம்பு, நீல வால், கண்ணில் மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பார்க்க அவ்வளவு அழகு. எதிரேயிருக்கிற மின்கம்பியில் ஆறு ஏழு உட்கார்ந்திருந்தன. ஒன்று சர்ரென்று காற்றில் பாயும், ஒரு தேனீயைக் கவ்விக்கொண்டு திரும்பும், கம்பியில் டக் டக் என்று அடித்துக் கொடுக்கை உதறிவிட்டு விழுங்கும். நான் போட்டோ எடுத்துப் பாக்சிக்குக்கு அனுப்பினேன்.

"பேரேக்-பேரேக்," என்று பதில் வந்தது. "தேனீயைத் தின்றே வாழ்கிற குருவி. ராணி பறக்கிற நாளில் இது பக்கத்தில் இருக்கவே கூடாது."

ராணி என்றைக்குப் பறப்பாள் என்று எனக்கு யார் சொல்வார்கள். ஒன்பதாம் நோன்பிலிருந்து கடையைத் தங்கச்சி மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். குடையை விரித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் எவர்சில்வர் தட்டு, வலது கையில் கரண்டி. குருவி பாய்ந்தால் தட்டுவேன். தட்டினால் பறந்து போகும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். இரண்டு நாள் இப்படியே ஓடியது. கழுத்து தோல் உரிந்தது.

பதினோராம் நோன்பு. இரண்டே முக்கால் மணி இருக்கும். பெட்டி வாசலில் தேனீக்கள் குமிந்து நின்றன. நடுவிலிருந்து ஒருத்தி வந்தாள். நீளமாக, புதுச் செருப்புப் போட்டவள் போல் தயங்கித் தயங்கி நடந்தாள். வாசல் விளிம்பில் நின்றாள், எழும்பினாள், பெட்டியைப் பார்த்தபடியே அரை வட்டம் போட்டாள், இன்னொரு வட்டம், பிறகு மாமரத்துக்கு மேலே போய் மறைந்துவிட்டாள். கம்பியில் ஏழு குருவிகள்.

நான் தட்டினேன். அன்றைக்குத் தட்டின மாதிரி வாழ்நாளில் தட்டியதில்லை. வாசல் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்க் கம்பிக்கு அடியில் நின்று தட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"என்ன தம்பி, நோன்பு நேரத்துல இப்படி வெயில்ல நிக்கிறீங்க?"

"அக்கா, ராணி வெளிய போயிருக்கா. அந்தக் குருவிங்க தின்னுடும்."

அக்கா உள்ளே போய் மாங்காய் பறிக்கிற நீளக் கழியை எடுத்துவந்தார், நுனியில் ஒரு துண்டைக் கட்டினார், கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். நான் தட்ட, அவர் வீச, குருவிகள் எழும்பி இந்தப் பக்கம் வர, நாங்கள் இந்தப் பக்கம் ஓடினோம். அந்தப் பக்கம் போக, அந்தப் பக்கம் ஓடினோம். கடிதம் கொண்டுவந்த தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஹாரனை அடித்து அவர் பங்குக்கு உதவினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா மூச்சிரைக்க, "நல்லா தட்டுங்க தம்பி, கை வலிக்குதா லா?" என்று என்னையே அதட்டினார்.

இருபது நிமிடம் அப்படிப் போனது. ஏழில் ஐந்து குருவிகள் ஓடிவிட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது நிமிடமாக நாங்கள் இரண்டு பேரும் வானத்தைத்தான் பார்த்திருக்கிறோம். பெட்டி வாசலை யாரும் பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்தாளா, வரவில்லையா? பின்பக்கம் ஓடினேன். வாசலில் வழக்கமான போக்குவரத்து. காதை வைத்துக் கேட்டேன், என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

"பெட்டிகிட்ட."

"அவங்களுக்கு என்ன?"

வக்கீல் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை, ஊது அத்தர், ஒன்பது கொட்டு, பல் வலி என்று சொன்ன பொய், பாக்சிக், குருவி, தட்டு, இப்போது அவள் வந்தாளா வரவில்லையா என்று தெரியாமல் நிற்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "என்னை மன்னிச்சிடும்மா. நீ திறக்காதேன்னு சொன்னே," என்று முடித்தேன்.

பேரப்பிள்ளை தூரத்தில் ஏதோ கேட்டு அழுவது மட்டும் கேட்டது.

"சரி," என்றாள். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள போங்க." வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். மறுநாளும் கூப்பிட்டாள். மாத்திரை போட்டீங்களா, சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க, கடையில் கூட்டமா என்று கேட்டாள். அவங்க எப்படி இருக்காங்க என்று கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் குரல் தெரியும். கேமரன் மலையில், "நல்லாருக்குங்க," என்று சொன்ன அதே குரல். ராணி செத்தாள், அவளோடு எல்லாம் போச்சு, எல்லாவற்றையும் என் கையாலேயே நசுக்கிவிட்டேன் என்று தராவீஹ் தொழுகையில் நின்றுகொண்டே நினைத்தேன்.

பதினைந்தாம் நோன்பன்று விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். காடியில் அவள் அக்காதான் பேசிக்கொண்டே வந்தார். அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸைத் திறந்து ஜம்ஜம் தண்ணீரை எடுத்து வைத்தாள், பேரீச்சம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்கு, பாக்சிக்குக்கு, கடைக்கு என்று பங்கு பிரித்தாள். பின்கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவள் பின்னாலேயே அறைக்கு அறை நடந்தேன். "தூங்குங்களேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் உள்ளேயிருந்து வலைத்தொப்பியை எடுத்து வந்தாள். வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது, அவளுடையது. அவள் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து எழுந்து வழிவிட்டேன். அவள் அதை என் தலையில் மாட்டி, கழுத்தைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"நீங்க திறங்க," என்றாள்.

"நானா? வேணாம்மா. நீ திற. என் கை ஆகாத கை."

"இருபத்தஞ்சு நாள் காவல் காத்தது யாரு? திறங்கன்னா திறங்க."

பின்முற்றத்துக்கு வந்தோம். தேங்காய் மட்டைப் புகையை அவள் போட்டாள், நோன்பு முறியாமலிருக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. நான் மூடியைத் தூக்கினேன். சட்டம் பெட்டியில் டக் டக் என்று இடித்தது. ஒருவரும் என்னைக் கொட்டவில்லை. ரப்பர் பேண்டு கட்டிய அடையை மெதுவாக வெளியே எடுத்தேன். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலைக்குள் கண்ணை இடுக்கி அறை அறையாகப் பார்த்தேன். காலி. காலி. காலி. இன்னும் கொஞ்சம் நடுவில் பார்த்தேன். ஒரு அறையின் அடியில் வெள்ளையாக, நூலை நறுக்கிப் போட்டது போல் ஒன்று நின்றது. பக்கத்து அறையிலும் ஒன்று. அதற்குப் பக்கத்திலும் ஒன்று. அந்தப் பக்கம் முழுக்க, ஒன்று விடாமல்.

"என்னங்க? இருக்கா இல்லையா?"

சட்டத்தை அவள் பக்கம் நீட்டினேன். வலைக்குள் மூக்கு ஒழுகுவதைத் துடைக்க முடியாமல் உறிஞ்சினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, தாடியெல்லாம் நனைந்தது, அதோடு வாய் காதுவரை இளித்துக்கொண்டும் இருந்தது.

அவள் வலை வழியாக என் முகத்தைப் பார்த்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. புகை டின்னைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்து அக்கா, "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்கிறார், இவளால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்து, என்னைப் பார்த்து, மறுபடியும் ஆரம்பித்து, கடைசியில் விக்கல் எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் சட்டத்தை நீட்டியபடியே நின்றேன். முட்டைகளை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.